வரிசையில் முதல் பெயர்

செண்பகத்தோப்பு மலையிடுக்கிலிருந்து ஆடிக்காற்று இறங்கி ராஜபாளையத்துத் தெருமண்ணைக் கிளப்பத் தொடங்கிவிட்டால், ஞானதுரைக்கு எழுத்து வேலை வந்துவிட்டது என்று பொருள். பகலில் அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நகல் பிரிவு எழுத்தர். மாலையில் மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குப் பகுதிநேர விளையாட்டு நிருபர். கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த அதிகாரிகள் கிளப்பில், இளவயதில் முன்சீப்புகளுக்கு டென்னிஸ் ஸ்கோர் சொல்லப்போய் ஒட்டிக்கொண்ட பித்து அது. ஒவ்வொரு ஆடியிலும், கல்லூரிகளுக்கிடையேயான டென்னிஸ் போட்டி தொடங்குமுன், சுற்றுவட்டக் கல்லூரிகளின் மைதானங்களுக்குப் பஸ் ஏறிப் போய், எந்த அணி எப்படி, யார் முதல் ஆட்டக்காரர், யாருடைய மட்டையில் எவ்வளவு வலு என்று பார்த்து முக்கால் பத்தி எழுதுவார். ‘களம் காணும் கல்லூரிகள்’ என்று தலைப்பு. அதை வாசிப்பவர்கள் சிலரே. ஆனால் அந்தச் சிலரில் மில் மேனேஜர்களும் இருந்தார்கள்.

எண்பத்தேழாம் வருடத்து ஆடி ஐந்தாம் தேதி, ராஜபாளையத்துக் கல்லூரியின் விளையாட்டுச் சாமான் அறையில், உடற்கல்வி இயக்குநர் கண்ணுச்சாமியின் முன் அவர் உட்கார்ந்திருந்தார். கண்ணுச்சாமி வலையின் மேல்பட்டையில் விட்டுப்போன தையலைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டே ஒரு தாளை நீட்டினார். கல்லூரி முத்திரையும் கையெழுத்துமாக, ஆட்டக்காரர் வரிசை.

ஞானதுரை இரண்டு தடவை வாசித்தார்.

“என்ன மாஸ்டர், தலைகீழா இருக்கு?”

“எது ஓய் தலைகீழு?”

“முதல் ஒற்றையர் பால்ச்சாமின்னு போட்டிருக்கு. மூணு நாளா சாயந்தரம் நின்னு பாத்தவன் நான். ஸுந்தரராஜன் அவன ஆறுக்கு ரெண்டுல முடிச்சான். சேஷுட்டயும் தோத்தான். நிசமாச் சொன்னா அவன் மூணாவது ஆளு.”

“நல்லாப் பாத்திருக்கீரு. பாத்தத மனசுல வச்சுக்கிடும். தாள்ல இருக்கறதப் பேப்பர்ல போடும்.”

“திறமைப்படிதான வரிசை குடுக்கணும்னு விதி?”

கண்ணுச்சாமி ஊசியைப் பட்டையில் குத்தி நிறுத்தினார். வீட்டில் தெலுங்கு பேசுபவர். கோபம் வந்தால் அது எட்டிப் பார்க்கும்.

“மதுரைக்காரன்ட்ட இருக்கானே முதல் ஆளு, அவன் மாநிலத்துக்கு ஆடுனவன். அவன ஜெயிக்க நம்மட்ட ஆளு லேது. ரெண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர். மூணுல ரெண்ட எடுத்தவன் ஜெயிச்சவன். ஸுந்தரராஜன அவங்கூட மோதவிட்டா அவனுந் தோப்பான். ரெண்டாவதா எறக்குனா ஜெயிப்பான், சேஷு கூடச் சேந்து இரட்டையரையும் எடுப்பான். பலி குடுக்கணும்னா கெடாயக் குடுப்பாகளா, உழவு மாட்டக் குடுப்பாகளா? நீரே சொல்லும்.”

“அவன் கெடாயா மாஸ்டர்?”

“நல்ல பையந்தான். இந்த வருசமும் கோப்பை வரலைன்னா டென்னிஸ் கோர்ட்டத் தூத்துட்டு சைக்கிள் ஸ்டாண்ட் போடப்போறாங்க. அது தெரியுமா ஓய் உமக்கு?”

நகல் பிரிவில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த ஞானதுரைக்கு ஒரு பழக்கம் எலும்பில் ஊறியிருந்தது. அசலில் ‘கிழக்கு’ என்பது ‘மேற்கு’ என்று பிழையாக இருந்தாலும், நகலில் மேற்கு என்றுதான் எழுத வேண்டும். திருத்துவது குற்றம். உள்ளது உள்ளபடி. முத்திரையும் கையெழுத்தும் உள்ள தாள் எதுவும் அவருக்கு அசலே. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அன்று மாலை எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. பால்ச்சாமி அவர் தெருவுக்கு அடுத்த மில் குடியிருப்பு லைனில் வளர்ந்தவன். எழுதியதை மனைவி கிருபாபாயிடம் வாசித்துக் காட்டினார். நாசரேத்துக்காரி. சொல்லில் பூசி மெழுகத் தெரியாதவள்.

“அந்தப் பையன் மூணாவதுன்னு நேத்துச் சொன்னிய?”

“தாள்ல முதல்ல இருக்கு.”

“அப்பம் தாளு சொன்னாச் சரியா? என்னமும் செய்யுங்க. அவிய வீட்டுல இப்பம் உலை வைக்கதே பாடா இருக்கு. ஏமாத்திப் போடாதிய.”

*

பால்ச்சாமியின் அப்பா ஐயாதுரை, மில்லின் ப்ளோ ரூமில் இருபத்தொரு வருடம் பஞ்சுப் பொதி பிரித்தவர். பொதியை உடைத்து இயந்திரத்தின் வாயில் ஊட்டும் அந்த அறையில் பகலிலும் பனிமூட்டம் போலப் பஞ்சுத்தூசி நிற்கும். முதலில் திங்கட்கிழமைகளில் மட்டும் நெஞ்சு அடைத்தது. ஞாயிறு விடுப்பில் தூசியை மறந்த மார்பு, திங்களன்று அதை மறுபடி கண்டதும் முரண்டு பிடிக்கும். செவ்வாய்க்குள் தெளிந்துவிடும். பிறகு செவ்வாயும் போயிற்று, புதனும் போயிற்று. சித்திரையில் மில் டாக்டர் ‘வேலைக்குத் தகுதியில்லை’ என்று எழுதினார். வேலை போனால் லைன் வீடும் போகும். வீட்டில் வேறு யாராவது மில்லில் வேலை பார்த்தால் வீடு நிற்கும். ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை என்பதால், ஆவணி முதல் தேதி வரை மில் தவணை விட்டிருந்தது. அந்த மட்டுக்கு மில்லுக்கும் சாஸ்திரம் தெரியும்.

அவர் மனைவி வேலுத்தாய் சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்துக் கட்டுப் போடுகிறவள். ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் துணி மடிக்கிற கை. தள்ளுபடியான துண்டுகளைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்து, மகனின் உள்ளங்கைக் கொப்புளத்துக்குச் சுற்றிவிடுவாள்.

கட்டுரை வந்த மூன்றாம் நாள் காலை, லைன் வீட்டுக்கு மில்லின் லேபர் ஆபீசரிடமிருந்து ஆள் வந்தது. வருடத்துக்கு ஒரு ஆட்டக்காரருக்கு, மில்களுக்கிடையேயான போட்டிக்காக, அந்த மில் நிரந்தர வேலை கொடுப்பது வழக்கம். கல்லூரியின் முதல் ஆட்டக்காரராக இருக்க வேண்டும் என்பது விதி. “திங்கக்கிழம மதுரை டீமோட ஆட்டம் நம்ம மில் கிளப் கோர்ட்டுலதான? மேனேஜர் பாக்க வாராரு. முதல் ஆளு எப்படி ஆடுதான்னு பாத்துட்டு ஆர்டர் போட்டுருவோம்” என்று லேபர் ஆபீசர் சொல்லியனுப்பியிருந்தார்.

அன்று சாயங்காலம் ஞானதுரை பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஐயாதுரை நிறுத்தத்தில் காத்திருந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம்.

“அண்ணாச்சி, வாயத் தொறங்க.”

“என்னய்யா இது, நடுரோட்டுல?”

“பால்கோவா. வில்லிபுத்தூர்ல தெனமும் வேல பாக்குத மனுசனுக்கு ராஜபாளையத்தான் பால்கோவா குடுக்கான்னு சிரிப்பாக. சிரிக்கட்டும். தொறங்க.”

அவரே ஒரு விள்ளல் எடுத்து ஊட்டினார். சிரிப்பு இருமலாக மாறி, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருமல் அடங்கியதும் சட்டைப்பையிலிருந்து கத்தரித்த பத்திரிகைத் துண்டை எடுத்தார். பாலிதீன் உறையில் போட்டிருந்தார்.

“இருவத்தோரு வருசத்துல எம்பேர ஒருத்தன் எழுதுனது மில் டாக்டர் சீட்டுலதான் அண்ணாச்சி. நீங்க எம்மகன் பேர எழுதியிருக்கீக. முதல் பேரு! எனக்குக் கண்ணாடி இல்லாம எழுத்து ஓட மாட்டேங்குது. வேலுத்தாய்க்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைய வாசிக்கச் சொல்லி நாலு தடவ கேட்டாச்சு.”

நாக்கில் பால்கோவா கரையவே இல்லை. ஞானதுரை தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

*

சனிக்கிழமை பால்ச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலுக்கே வந்துவிட்டான். ஆண்டாள் கோவில் ஆடிப்பூரத் தேருக்கு வடம் சுமந்த வண்டி தெருவை அடைத்துக்கொண்டு போனது. இருவரும் டீக்கடைப் பக்கம் ஒதுங்கினார்கள். வெயிலில் கறுத்து, கை முட்டி மட்டும் புடைத்த, ஒல்லியான இருபது வயதுப் பையன்.

“அண்ணாச்சி, மூணு நாளு நின்னு பாத்துட்டுத்தான எழுதுனீக?”

“ஆமா.”

“நான் முதல் ஆளா?”

ஞானதுரை டீயை ஆற்றினார்.

“மாஸ்டரு முன்னாடியே எங்கிட்டச் சொல்லிட்டாரு. ‘நீ ஜெயிக்க வேண்டாம்லே, நின்னு இழு. மதுரைக்காரன்தான் அவங்க இரட்டையரும் ஆடணும். வெயில்ல ஒரு மணி நேரம் அவன ஓட விடு, மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்’னாரு. சரின்னேன். டீமுக்குத்தானன்னு சரின்னேன். அப்ப மில்லு ஞாபகம் இல்ல. இப்ப மேனேஜரு பாக்க வாராராம். நான் முட்டை வாங்குறதப் பாக்கவா?”

“மாஸ்டர்ட்டக் கேட்டியா?”

“ரெண்டாவதா எறக்குங்க, மதுரைக்காரனோட ரெண்டாவது ஆள எப்படியும் மடக்கிருவேன்னேன். நெசமாவே மடக்கிருவேன் அண்ணாச்சி, அவன் ஆட்டத்தப் போன வருசம் பாத்திருக்கேன். ‘அச்சுல வந்துருச்சுலே, இனி மாத்துனா மதுரைக்காரன் அந்தப் பேப்பரத் தூக்கிக்கிட்டுப் புகார் குடுப்பான், டீமயே தள்ளி வச்சிருவாங்க’ங்காரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா...”

ஞானதுரை போய்ச் சொன்னார். கண்ணுச்சாமி கோபப்படக்கூட இல்லை. “உம்ம கையால எழுதுனதுதான ஓய்?” என்று மட்டும் கேட்டார். பிறகு, வலையைச் சுருட்டியபடி, “அவன் அப்பன் வீடு போற கத எனக்கு முதல்லயே தெரிஞ்சிருந்தா வேற கெடா பாத்திருப்பேன். தெரியலையே” என்றார். சொன்னபோது அவர் முகம் சுவர்ப்பக்கம் இருந்தது.

*

திங்கட்கிழமை. மில் கிளப்பின் மண் கோர்ட்டில் விடியுமுன்னே தண்ணீர் தெளித்து உருளை இழுத்திருந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் காற்று அந்த ஈரத்தை உறிஞ்சிவிட்டது. போட்ட சுண்ணாம்புக் கோடுகள் மண்ணோடு கலைந்து நகர்ந்தன. மேனேஜருக்கும் லேபர் ஆபீசருக்கும் வேப்பமர நிழலில் நாற்காலி. கம்பி வேலிக்கு வெளியே மில் ஆட்கள். ஷிப்ட் முடித்தவர்களின் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஐயாதுரை சலவைச் சட்டை போட்டு, வேலியின் கம்பியைப் பிடித்து நின்றார். வேலை நின்று மூன்று மாதமாகியும் திங்கட்கிழமையை அவர் மார்பு மறக்கவில்லை. மூச்சு விசில் போலக் கேட்டது. வேலுத்தாய் கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லி, தூக்குச்சட்டியில் கம்பங்கூழும் மோர்மிளகாயுமாகப் பக்கத்தில் நின்றாள்.

மதுரைக்காரன் உயரம். பந்தைத் தூக்கிப் போட்டு அடிக்கும்போது அவன் மட்டை வேப்பங்கிளையைத் தொடும்போல இருந்தது. முதல் நான்கு கேம்களில் பால்ச்சாமி பந்தைத் தொட்டதே குறைவு.

“ஏலே ஐயாதுரை, உம்மகன் பந்தப் பாக்குதானா, பந்து போன தடத்தப் பாக்குதானா?” என்று வேலியோரத்தில் சங்கிலிப்பாண்டி கேட்டான். அவரோடு ப்ளோ ரூமில் வேலை பார்த்தவன்.

“சும்மா கிடலே. மாநிலத்துக்கு ஆடுனவன் அவன். முதல் ஆளு கூட முதல் ஆளுதான மோதணும்?”

ஆறு-பூஜ்யம். இரண்டாம் செட்டில் பால்ச்சாமி வேறு மாதிரி ஆடினான். அடிக்கவில்லை, திருப்பினான். காற்றை எதிர்த்து உயரமாகத் தூக்கிவிட்டான். பந்து கோட்டுக்கு வெளியே போவதுபோலப் போய், காற்றில் திரும்பி உள்ளே விழுந்தது. மதுரைக்காரன் பின்னால் ஓடினான், முன்னால் ஓடினான், மறுபடி பின்னால் ஓடினான். ஒரே ஒரு கேம் பதினெட்டு நிமிடம் நீண்டது. அதைப் பால்ச்சாமி எடுத்தான். உள்ளங்கையில் சுற்றியிருந்த பேண்டேஜ் துணி சிவந்திருந்தது. அந்த ஒரு கேமுக்கு ஐயாதுரை கைதட்டியதில் கம்பி வேலி முழுக்க அதிர்ந்தது. வேலுத்தாய் துணியின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு-பூஜ்யம், ஆறு-ஒன்று. மேனேஜர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்தார். லேபர் ஆபீசர் குடை பிடித்துக் கூடவே போனார். கார் கிளம்பிய புழுதி அடங்குமுன் ஸுந்தரராஜன் களமிறங்கி, தன் ஆளை முக்கால் மணி நேரத்தில் முடித்தான். இரட்டையரில் மதுரைக்காரனின் கால் இரண்டாம் செட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டது. ராஜபாளையம் இரண்டுக்கு ஒன்று என்று வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. ஸுந்தரராஜனுக்கு மாலை விழுந்தது. அதைக் கழற்றிக்கொண்டு அவன் பால்ச்சாமியைத் தேடினான். “இது ஒனக்குடா” என்று அவன் சொன்னதை ஞானதுரை கேட்டார். பால்ச்சாமி உள்ளங்கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டியபடி, “வச்சுக்கடா, வீட்டுல ஆணி இல்ல மாட்ட” என்றான்.

பத்திரிகைக்கு எழுதிய செய்தியில், அந்த ஒரு மணி நேர ஓட்டந்தான் வெற்றியின் வேர் என்று கடைசிப் பத்தியில் ஞானதுரை எழுதியிருந்தார். மறுநாள் இடமில்லாமல் கடைசிப் பத்தியை வெட்டியிருந்தார்கள்.

*

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கிருபாபாய் தட்டை முன்னால் வைத்துவிட்டு, “முழுங்க மாட்டேங்குதுல்லா? அப்பம் எழுதுனவிய தான அத எழுதித் தீக்கணும்” என்றாள்.

எழுதினார். மில்லுக்கு ஒரு பக்கக் கடிதம். வரிசை பொய், பால்ச்சாமி மூன்றாவது ஆட்டக்காரன், அவனுக்கு மேலே ஆட வேண்டிய இருவருக்காக அவனைப் பலியாக நிறுத்தினார்கள், தெரிந்தே நான் அச்சிட்டேன், அவனுக்குரிய இடத்தில் ஆடியிருந்தால் வென்றிருப்பான். கீழே கையெழுத்து. இந்தத் தாள் வெளியே போனால் கல்லூரி கோப்பை ஆட முடியாது, தன் நிருபர் அட்டையும் போகும் என்று தெரிந்தே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

லேபர் ஆபீசர் நிதானமாக வாசித்தார். கெட்ட மனிதர் அல்ல. மேசை இழுப்பறையிலிருந்து பழைய பத்திரிகையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“நீங்க எழுதுன ரெண்டும் எங்கிட்ட இருக்கு. ஒண்ணுல அவன் முதல் ஆளு. ஒண்ணுல மூணாவது ஆளு.”

“ரெண்டாவதுதான் நெசம் சார்.”

“முதல் ஆளுன்னா ஆட்டம் பத்தாது. மேனேஜரே பாத்துட்டாரு. மூணாவது ஆளுன்னா விதி பத்தாது. முதல் ஆளத்தான் எடுக்கணும்னு விதி. எத வச்சு அண்ணாச்சி நான் மேல அனுப்ப?” கடிதத்தை மடித்து அவரிடமே திருப்பித் தந்தார். “இத வேற யார்ட்டயும் காட்டாதீக. அந்தப் பயலுகளாவது கோப்பை ஆடட்டும். பால்ச்சாமி நாளைக்கு இன்னொரு மில்லுக்குப் போனா, மூணாவது ஆளுன்னு உங்க கையெழுத்தோட ஒரு தாளு எதுக்கு?”

*

ஆவணி முதல் தேதி காலை, லைன் வீட்டு வாசலில் மாட்டுவண்டி நின்றது. மம்சாபுரத்தில் வேலுத்தாயின் தம்பி வீட்டுத் தொழுவத்தை ஒட்டி ஓர் அறை கிடைத்திருந்தது. பால்ச்சாமி அங்கே கரும்பு வெட்டுக்குப் போவதாக ஏற்பாடு. ஆடிக்காற்று ஓய்ந்து, மலை தெளிவாகத் தெரிந்தது. ஆட்டுரல், இரண்டு தகரப்பெட்டி, பாய்ச் சுருணை, தூக்குச்சட்டி. கல்லூரியின் மட்டையைப் பால்ச்சாமி முதல் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

சாமான் ஏற்றக் கை கொடுக்க ஞானதுரை போயிருந்தார். ஐயாதுரை வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து மூச்சை நிலைப்படுத்திக்கொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து அந்தப் பாலிதீன் உறையை எடுத்தார்.

“அண்ணாச்சி, அங்க போனா வாசிச்சுச் சொல்ல ஆளிருக்காது. இவன் வாசிக்கவே மாட்டேங்கான், கேட்டா மொறைக்கான். நீங்க எழுதுனத உங்க வாயால ஒரு தடவ கேக்கணும்.”

பால்ச்சாமி சட்டென்று திரும்பி மாட்டின் நுகத்தடிக் கயிற்றை இறுக்கப் போனான். முடிச்சு ஏற்கனவே இறுகித்தான் இருந்தது.

ஞானதுரை துண்டை வாங்கினார். மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது. கோர்ட்டில் அசலையும் நகலையும் ஒப்பிடும்போது வாசிக்கும் அதே குரலில், ஏற்றமோ இறக்கமோ இல்லாமல், தொடங்கினார்.

“ராஜபாளையம் அணி. முதல் ஒற்றையர் ஆட்டக்காரர் ஐ. பால்ச்சாமி.”

“ஆங்” என்றார் ஐயாதுரை.

“மில் தொழிலாளியின் மகன். நிதானமும் நெஞ்சுரமும் மிக்கவர்...”

குரல் நின்றது. கண்ணுச்சாமி தந்த தாளை அவருக்கு வரிக்கு வரி நினைவிருந்தது. பெயர், வகுப்பு, வரிசை எண். அவ்வளவுதான். நிதானம் அதில் இல்லை. நெஞ்சுரம் அதில் இல்லை. அடுத்த வரியும் அதில் இல்லை. அசலில் உள்ளதை எடுத்தெழுதியவன் என்று இந்த ஒரு மாதமாகத் தன்னைச் சொல்லிக்கொண்டு வந்தார். இந்த வரிகளுக்கு அசல் எங்கே இருந்தது?

வேலுத்தாய் ஆட்டுரலுக்கு அடியில் சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்.

“வாசிங்கண்ணாச்சி. நீங்க எழுதுனதுதான.”

மகன் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டான் என்பது அந்தக் குரலில் தெரிந்தது. ஐயாதுரைக்கு மட்டும் தெரியாது. அவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, விசில் போல ஏறியிறங்கும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

ஞானதுரை விரலால் வரியைப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தார்.

“இந்த ஆண்டுக் கோப்பையைத் தீர்மானிக்கப்போவது இவருடைய மட்டையே.”